ஒரே எலும்பில் இரண்டு பேர்

எங்கள் பெட்டிகளில் யாரும் உட்கார்ந்ததில்லை. ராஜா நிற்பார். ராணி நிற்பாள். பூதத்தை வெட்டப் போன வீரன் நின்றபடியே வெட்டுவான். பூதமும் நின்றபடியே சாகும். காரணம் மாடு. மாட்டின் கால் எலும்பை நீளவாக்கில் அறுத்தால் ஒரு சாண் உயரமும் மூன்று விரல் அகலமும் உள்ள தகடு கிடைக்கும். அதில் ஒரு ஆள், தோளை ஒடுக்கிக்கொண்டு, நிற்கலாம். இன்னொரு ஆள் வேண்டுமென்றால் இன்னொரு எலும்பு. தகடுகளை வரிசையாக நிறுத்தி மரப்பெட்டியைச் சுற்றி ஒட்டினால் ஒரு கதை முடியும். மாப்பிள்ளை வீட்டார் அதில் மோதிரமும் சங்கிலியும் வைத்துப் பெண் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

ஆயிரத்து நானூறு பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வெனிஸில், சான் லூக்கா கோயிலுக்குப் பின்னால், வாய்க்காலைப் பார்த்த கதவு கொண்ட பட்டறை எங்களுடையது. முதலாளி அந்திரியோல். பெட்டியின் விளிம்புக்கு வேண்டிய பூவேலைப் பட்டி என் பொறுப்பு. வெள்ளை எலும்பு, செம்புக் களிம்பில் ஊறிப் பச்சையான எலும்பு, கொம்பு, கறுப்பு மரம் எல்லாவற்றையும் குச்சிகளாகச் சீவிக் கட்டாக ஒட்டி, தொத்திறைச்சியை நறுக்குவது போல நறுக்குவேன். ஒவ்வொரு வில்லையிலும் ஒரே நட்சத்திரம் வரும். வராவிட்டால் அந்தக் கட்டு அடுப்புக்குப் போகும். தகடுகளை ஒட்டுவது மெனெகோ. அவனுடைய பசைச்சட்டி அடுப்பைவிட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. அவனுடைய வாயும் அப்படித்தான்.

எலும்பு கொண்டுவருகிறவள் கத்தரூசா.

அவள் வருவதை முதலில் நாய்கள் சொல்லும். ரியால்த்தோ சந்தையில் இறைச்சிக் கடைகள் மூடியதும் கால் எலும்புகளைப் படகில் ஏற்றிக்கொண்டு ஊரின் வடக்கு ஓரத்துக்குப் போவாள். அவளுடைய கொட்டகை அங்கே, கடல்காற்று நாற்றத்தை அள்ளிக்கொண்டு போகும் இடத்தில், இருந்தது. அங்கே வேகவைத்து, கொழுப்பை வழித்து மெழுகுவர்த்திக்காரர்களுக்குக் கொடுத்து, எலும்பைச் சாம்பல் தண்ணீரில் ஊறப்போட்டு, ஓட்டின் மேல் பரப்பிக் காயவைப்பாள். காய்ந்த பிறகு எந்த மனிதனுக்கும் அதில் வாசனை தெரியாது. நாய்களுக்குத் தெரியும். படகு எந்த வாய்க்காலில் திரும்பினாலும் கரையோரமாக ஒரு கூட்டம் கூடவே ஓடிவரும். துடுப்புப் போடுவதும் அவள்தான். சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, சோம்பை மென்றுகொண்டு, பட்டறைக் கதவுக்கு வெகுதூரத்திலிருந்தே கத்துவாள்.

"கதவத் தொறங்கடா! இல்லன்னா நாய்ங்களுக்குப் போட்டுட்டுப் போயிடுவேன்!"

மெனெகோ மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைத் திறப்பான்.

"என்ன, பெரிய வீட்டுப் பிள்ளையாட்டம் மூக்கப் பொத்துற? உன் சட்டியில என்ன, பன்னீரா காயுது?"

"என் சட்டி நாத்தம் எனக்குப் பழகிப்போச்சுக்கா."

"என் நாத்தமும் பழகிடும். மூக்க விடு, கூடையப் பிடி."

ஒவ்வொரு எலும்பையும் வாசல் கல்லில் தட்டிக் காட்டிய பிறகே இறக்குவாள். நல்லது மணி போல ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் ஈரக் கட்டையில் குட்டியது போல மொத்தென்று கேட்கும். அதை யாரும் சொல்லாமலே நாய்களிடம் எறிந்துவிடுவாள். "இது உழுத மாடு, பாரு எப்படிக் கனக்குது. இது சோம்பேறி, தின்னுட்டுப் படுத்தே இருந்திருக்கு" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் சொல்லுவாள். நாங்கள் சிரிப்போம். ஆனால் சோம்பேறி என்று அவள் சொன்ன எலும்பு உளி பட்டதும் பொருபொருவென்று உதிரத்தான் செய்யும்.

அவளுக்கு முப்பது தாண்டியிருந்தது. ஒருமுறை கல்யாணம் ஆகியிருந்தது. புருஷன் பெயர் பொர்த்தொலோ, கப்பலில் துடுப்பு வலிக்கிறவன். வசந்தத்தில் போவான், பனிக்காலத்தில் வருவான். சில வருஷம் அப்போதும் வரமாட்டான். கடைசியில் கருங்கடல் பக்கம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். "நல்ல மனுஷன்னுதான் நெனைக்கிறேன். பேசிப் பழகுற அளவுக்கு வீட்ல இருந்தாத்தானே தெரியும்?" என்பாள், எலும்பைத் தட்டிக்கொண்டே.

அவள் வரும் நேரத்தில் வேலையை விட்டுவிட்டுக் கூடை இறக்க எழுந்து போகிறவன் ஃபாந்தின். எங்கள் பட்டறையில் பெண்களைச் செதுக்குகிறவன். வீரர்களுக்கு வேறு ஆள், மரங்களுக்கும் கோபுரங்களுக்கும் வேறு ஆள். ராணி, ராஜகுமாரி, தாதி, சூனியக்காரி எல்லாரும் ஃபாந்தின் கையால் பிறக்க வேண்டும். எங்கள் வழக்கப்படி எல்லாருக்கும் ஒரே உயர்ந்த நெற்றி, ஒரே பாதிச் சிரிப்பு, கையில் ஒரு பூ. பத்து வார்த்தை பேசவேண்டிய இடத்தில் இரண்டு பேசுகிறவன் அவன். மனதில் இருந்தது கை வழியாக வெளியே வந்தது. முதலில் கண்டுபிடித்தது மெனெகோ.

"டேய் ஃபாந்தின், இந்த ராஜகுமாரி ஏன்டா இடுப்புல கைய வெச்சிக்கிட்டு நிக்கிறா? கடல் தாண்டி வந்த வீரன்கிட்ட எலும்பு வேணுமான்னு கேக்கப் போறாளா?"

எல்லாரும் போய்ப் பார்த்தோம். உண்மைதான். பூவை இடது கைக்கு மாற்றி, வலது கையை இடுப்பில் ஊன்றி நின்றாள். மூன்று விரல் அகலத்தில் அந்த முழங்கைக்கு இடமில்லை. முட்டி தகட்டின் ஓரத்தை இடித்துக்கொண்டு நின்றது. கூடையில் கிடந்த மற்றப் பெண்களையும் எடுத்துப் பார்த்தோம். தாதிகூட இடுப்பில் கை வைத்திருந்தாள்.

"எலும்பு அகலம் பத்தலை" என்றான் ஃபாந்தின். காது சிவந்திருந்தது.

அந்தப் பனிக்காலத்தில் முதலாளிக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. உள்நாட்டில், ஆற்று வழியாகப் பல நாள் போகவேண்டிய ஒரு மடத்தில், கோயில் கதவு உயரத்துக்கு எலும்பாலேயே ஒரு பீடம். எங்களைப் போன்றவர்களுக்கு ஆயுளில் ஒருமுறைகூட வராத வேலை. செதுக்குகிறவர்கள் அங்கேயே தங்கவேண்டும். முடிய எத்தனை வருஷம் ஆகும் என்று முதலாளிக்கே தெரியாது. ஈஸ்டர் முடிந்ததும் படகு கிளம்பும். முதல் பெயர் ஃபாந்தின்.

மறுமுறை கத்தரூசா வந்தபோது அவன் கூடையைக்கூட இறக்காமல் வாசலிலேயே சொல்லிவிட்டான்.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா? ஈஸ்டருக்கு அப்புறம் பண்ணிக்கலாம். பண்ணிட்டுப் போறேன். வேலை முடிஞ்சதும் வந்துடுவேன்."

உள்ளே அரம் ஓடும் சத்தம் நின்றுபோனது. நான் நறுக்கிக்கொண்டிருந்த வில்லை கோணலாகப் போனது.

கத்தரூசா அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு படியேறி நேராக மெனெகோவின் மேசைக்கு வந்தாள். ஒட்டி முடித்த பெட்டி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதில் ஒரு வீரனும் ஒரு பெண்ணும், அடுத்தடுத்த தகடுகளில்.

"இவன் இந்த எலும்புல நிக்கிறான். இவ அந்த எலும்புல நிக்கிறா. நடுவுல என்ன இருக்கு?"

"பசை" என்றான் மெனெகோ. "என்னோடது. நல்ல பசை."

"எனக்கு ஒரு தடவ இப்படிக் கல்யாணம் ஆச்சு ஃபாந்தின். அவன் கருங்கடல்ல ஒரு எலும்புல, நான் இங்க ஒரு எலும்புல. போதும்ப்பா. உன்மேல எனக்கு வருத்தமில்ல. நீ கெட்டவன்னா நாய்ங்களே சொல்லியிருக்கும்." இரண்டு தகடும் சேருகிற கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். "ஒண்ணு செய். ஒரே எலும்புல புருஷனையும் பொண்டாட்டியையும் செதுக்கு. முகத்துக்கு முகம் பாத்துக்கணும். நடுவுல கோடு இருக்கக் கூடாது. படகு கிளம்புறதுக்குள்ள காட்டு, கட்டிக்கிறேன்."

பட்டறையே சிரித்தது. இது நடக்காத காரியம் என்று எங்களுக்குத் தெரியும். எங்களைவிட அவளுக்குத் தெரியும். வெனிஸில் எந்த மாட்டுக்கு எவ்வளவு அகலம் என்று தடவியே சொல்லுகிறவள் அவள்தானே. வேண்டாம் என்பதை மனம் நோகாமல் சொல்லிவிட்டுப் போகிறாள் என்றே நானும் நினைத்தேன். ஃபாந்தின் மட்டும் சிரிக்கவில்லை. அளவுகோலை எடுத்துக்கொண்டு எலும்புக் கூடையின் முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

இதில் இன்னொரு சங்கடம், தவக்காலம் தொடங்கிவிட்டது. ஊரில் யாரும் இறைச்சி தின்னமாட்டார்கள். கடைக்காரர்கள் கத்தியைத் துடைத்து மாட்டிவிடுவார்கள். புது எலும்பு என்ற பேச்சே ஈஸ்டர் வரை கிடையாது. ஊரே மத்தி மீனும் வெங்காயமும் தின்றுகொண்டிருந்தபோது ஃபாந்தின் அகலமான எலும்பு தேடி அலைந்தான்.

முதலில் காலெலும்பு ஒன்றைக் காடியில் ஊறப்போட்டான். ஊறி இளகினால் பலகைக்கு நடுவே நசுக்கி அகலமாக்கிவிடலாம் என்பது கணக்கு. இளகத்தான் செய்தது. நசுக்கியதும் பரந்தது. காய்ந்தபோது சுருண்டுகொண்டது.

"அழகா இருக்குடா. பன்னிக் காது" என்றான் மெனெகோ. "இன்னொண்ணு பண்ணு, ஜோடியா மாட்டிக்கலாம்."

பிறகு தோள்பட்டை எலும்பு. அது அகலம், ஆனால் நடுவில் முட்டை ஓடு போல மெல்லிசு. அதனால் நாங்கள் தொடுவதில்லை. யாரோ ஒரு கடைக்காரன் போன பனிக்காலத்து எலும்பு ஒன்றைக் கொல்லையில் வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டுப் போய், போர்வைக்குள் மறைத்து எடுத்துவந்தான். அது சரியாக வேகாதது. சான் லூக்கா சதுக்கத்தில் பாதி தூரம் வந்தபோது நாய்கள் கண்டுபிடித்துவிட்டன. தவக்காலத்து நாய்கள், பசியில் இருந்தவை. ஃபாந்தின் ஓடிவந்து கதவை இடித்து உள்ளே விழுந்தபோது போர்வையின் கால்வாசி வெளியே நாய்களிடம் இருந்தது. எலும்பு பத்திரம்.

அதில்தான் உண்மையாகவே முயன்றான். தடித்த ஓரத்தில் பெண், எதிர் ஓரத்தில் ஆண், இருவரும் கைகோர்க்க நடுவில் இடம். முகங்கள் வந்துவிட்டன. நாங்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டு, போகிற வழியில் எட்டிப் பார்க்கத் தொடங்கினோம். கைகளைத் தொட்டபோது உளி அந்தப் பக்கம் போய்விட்டது. சரியாக இருவருக்கும் நடுவில், வாயகன்ற ஓட்டை.

விளக்குக்கு எரிக்கும் கொழுப்பு கொடுக்க அன்று கத்தரூசா வந்திருந்தாள். அதை எடுத்து, ஓட்டை வழியாக ஃபாந்தினைப் பார்த்தாள்.

"நான் கோடு வேணாம்னேன். நீ ஜன்னல் வெச்சிருக்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் தகட்டைக் கீழே வைக்காமல், அந்தப் பெண்ணின் முகத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். உயர்ந்த நெற்றி இல்லை. பாதிச் சிரிப்பு இல்லை. சோம்பு மெல்லுகிறவளின் ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது.

"எனக்கு மூக்கு இவ்ளோ பெருசா?" என்றாள்.

"ஆமா" என்றான் ஃபாந்தின்.

குருத்தோலை ஞாயிறு கழிந்ததும் அவன் முதலாளியிடம் போனான். "நான் மடத்துக்கு வரலை ஐயா."

அந்திரியோல் கையிலிருந்த தங்கப்பூச்சுத் தூரிகையைக் கீழே வைத்தார்; அவர் அதை வைத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? அந்தப் பீடத்துல நிக்கிற பொண்ணுங்கள யார் செதுக்குவா, மெனெகோவா?"

"அகலமான எலும்பு கெடைக்கலை. அது இல்லாம அவங்க என்னைக் கட்டிக்கமாட்டாங்க. நான் இங்கயே இருந்து தேடுறேன். எப்பவாச்சும் கெடைக்கும்."

முதலாளி எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரவர் வேலையைப் பார்த்தோம். "ஈஸ்டர் வரைக்கும் யோசி" என்று சொல்லிவிட்டுத் தூரிகையை எடுத்துக்கொண்டார். அன்று மாலைக்குள் மெனெகோ கத்தரூசாவின் கொட்டகை வரை போய் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு வந்தான். கொழுப்பு வாங்கப் போனதாகச் சொன்னான். கையில் கொழுப்பு இல்லை.

மறுநாள் காலையில் நாய்ச் சத்தம் கேட்டது. படகில் கூடை இல்லை. ஒரே ஒரு எலும்பைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். கத்தாமல் ஏறிவந்தாள்.

"நீ போகலைன்னியாமே."

"ஆமா."

"போகாம இங்க உக்காந்து என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருப்ப. பத்து வருஷம் கழிச்சு ஒருநாள் சூப்புல உப்பு கம்மின்னா, 'உன்னாலதான் அந்தப் பீடம் போச்சு'ம்ப. எனக்கு இது தேவையா?" அவன் வாயைத் திறப்பதற்குள் துணியை அவிழ்த்தாள். உழுத மாட்டின் கால் எலும்பு. வெள்ளை வெளேரென்று, ஏற்கெனவே அறுத்துத் தேய்த்திருந்தது. அவளே தேய்த்திருக்க வேண்டும். "இந்தா. என்கிட்ட இருக்குறதுலயே நல்லது."

ஃபாந்தின் அளவுகோலை வைத்தான். "மூணு விரல்தானே."

"அப்படியா?" அவள் எலும்பைத் திருப்பிப் படுக்கவாட்டில் வைத்தாள். "இப்ப?"

நாங்கள் பார்த்தோம். மூடியின் மேல்பட்டிக்கு நாங்களும் எலும்பைப் படுக்க வைப்பதுண்டு. இலையும் கொடியும், சிறகு முளைத்த குழந்தைகளும் அதில் வரும். மனிதர்களை அப்படி வைக்க யாருக்கும் தோன்றியதில்லை. மனிதர்கள் என்றால் நிற்பவர்கள்.

"எத்தன வருஷமா இந்த ராஜா ராணிங்கள நிக்கவெச்சே கொல்றீங்க? ராத்திரி ஆனா அவங்களும் படுக்கமாட்டாங்களா?" என்றாள் கத்தரூசா. "புருஷன் பொண்டாட்டி ஒண்ணா இருக்குறது நின்னுக்கிட்டா?"

மெனெகோ சிரித்த சிரிப்பில் பசைச்சட்டி கவிழ்ந்தது. அது இறங்கி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். உள்ளறையிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். ஃபாந்தினின் காதுகள் செங்கல் நிறத்தில் இருந்தன. ஆனால் கை அதற்குள் கரித்துண்டைத் தேடிக்கொண்டிருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய அந்தச் சில நாட்களும் அவன் வேறெதையும் தொடவில்லை. ஒரு தலையணை. அதில் இரண்டு தலைகள், மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரத்தில். கழுத்திலிருந்து கால்வரை ஒரே போர்வை. எலும்புக்கு இயற்கையிலேயே உண்டான வளைவை நாங்கள் எப்போதும் ராவிச் சமப்படுத்தப் பார்ப்போம். அவன் அதை அப்படியே விட்டான். போர்வை அதுவாகவே மேடு தட்டி நின்றது. கால்மாட்டில் சுருண்டு படுத்த ஒரு நாய். சுறாத்தோலால் மெருகேற்றிக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தான்.

அவள் கதவுப்பக்கம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரலால் தலையிலிருந்து கால்வரை தடவினாள். எங்கும் கோடு தட்டவில்லை.

"கையெல்லாம் எங்க?"

"போர்வைக்குள்ள" என்றான் ஃபாந்தின்.

அந்தப் பட்டறையில் இருந்த காலமெல்லாம் அவன் சொன்ன ஒரே நகைச்சுவை அது. அதை அவன் நகைச்சுவையாகச் சொன்னானா என்பது எனக்கு இன்றும் சந்தேகம். கத்தரூசா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தகட்டை மார்போடு வைத்துக்கொண்டு நேராக முதலாளியிடம் போனாள்.

"ஐயா, அந்தப் பீடத்துக்கு எலும்பு எங்கேருந்து?"

"இங்கேருந்து படகுல அனுப்புறதா இருக்கேன்."

"ஆத்துல அத்தன நாள் ஈரத்துல வந்தா பாதி பூத்துப்போகும். தட்டிப் பாத்து எடுக்க அங்க யார் இருக்கா? அந்த ஊர்ல மாடு இல்லையா?"

"இருக்கும்."

"அப்ப என் அண்டாவயும் படகுல ஏத்துங்க. இந்த ஊர் எலும்ப என் நாத்தனார் பாத்துக்குவா. அவளுக்கு என்னைவிட வாய் பெருசு, நீங்கதான் சமாளிக்கணும்."

"ஒரு பொம்பளைய மடத்துக்குக் கூட்டிட்டுப் போனா சாமியாருங்க என்னம்மா சொல்வாங்க?"

"நான் எதுக்கு மடத்துக்குள்ள வர்றேன்? எலும்பு வேகுற நாத்தத்துக்கு எந்த ஊர்லயும் ஊருக்கு வெளியதான் எடம் தருவாங்க. ராத்திரிக்கு இவனும் அங்க வந்துடுவான். நாத்தத்துக்கு ஒருத்தரும் எட்டிப் பாக்கமாட்டாங்க, நிம்மதி."

அந்திரியோல் அவளையும் பார்த்தார், ஃபாந்தினையும் பார்த்தார், அவள் கையிலிருந்த தகட்டை வாங்கிப் பார்த்தார். வாங்கியவர் திருப்பித் தர நேரமானது. "இத எந்த வீட்டுப் பெட்டியில ஒட்டுறது?" என்றார் கடைசியில். "பொண்ணோட அப்பா என்னை வாய்க்கால்ல தள்ளிடுவார்."

"எங்க வீட்டுப் பெட்டியிலதான் ஐயா" என்றாள் கத்தரூசா.

தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு நடந்தது. பட்டறையே சேர்ந்து பெட்டி செய்தோம். சுற்றிலும் நிற்பதற்கு, இடுப்பில் கை வைத்து விற்க முடியாமல் கூடையில் கிடந்த ராஜகுமாரிகளையும் தாதிகளையும் வைத்தோம். இடையிடையே வேறு வேறு கதைகளிலிருந்து மீந்த வீரர்கள். எந்தக் கதை என்று யாராலும் சொல்ல முடியாது. வீரர்கள் எல்லாரும் திட்டு வாங்கிக்கொண்டு நிற்பது போலிருந்தது. மூடியின் மேல் அந்தப் படுக்கை. அதைச் சுற்றி என் பச்சை நட்சத்திரப் பட்டி. நான்கு மூலையிலும் நட்சத்திரம் முழுசாக வந்து முடிய ஒரு கட்டு முழுவதும் நறுக்கினேன். மெனெகோ ஒட்டினான். "இதுல மட்டும் நடுவுல என் பசைக்கு வேலையில்லாமப் போச்சு" என்று குறைப்பட்டுக்கொண்டான்.

மறுநாள் படகு கிளம்பியது. செதுக்குகிறவர்கள் முன்பக்கம், உளிப்பெட்டிகள் நடுவில், அண்டா பின்பக்கம். பெட்டியை அண்டாவுக்குள் வைக்கோல் பொதிந்து வைத்திருந்தார்கள். ஃபாந்தின் அண்டாவைப் பிடித்துக்கொண்டு, தோளை ஒடுக்கி, விறைப்பாக நின்றான். மூன்று விரல் அகலத்தில் நிற்பது போலவே இருந்தது. நாய்கள் கரையோரமாக ஓடின. கரை முடிகிற இடத்தில் அவை நின்றுவிடும் என்று கத்தரூசாவுக்குத் தெரியும். அதற்குள் மடியிலிருந்த மூட்டெலும்புகளை ஒவ்வொன்றாக எறிந்தாள். கடைசி நாய்க்கும் கிடைத்ததா என்று பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த மூட்டையைத் தட்டினாள்.

"நின்னது போதும். உக்காரு."

ஃபாந்தின் ஒருமுறை எங்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.